மகளுக்கு வாலிபால் ஆசை, ஆனால் முன்கை முழுக்கச் சிவப்பு: வீட்டில் எப்படிப் பழக்குவது?

இரட்டைப்பின்னல் | திங்கள், இரவு 9.40

வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளியில் வாலிபால் ஆடக் கூப்பிட்டார்கள். போன முதல் நாளே ஆசை பற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் பேச்சு முழுக்கப் பந்துதான். இதுவரை எந்த விளையாட்டிலும் அவள் இப்படி ஒட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சிக்கல் கையில்தான். அண்டர்ஹேண்ட் பாஸ், அதாவது இரண்டு முன்கையையும் சேர்த்து நீட்டிப் பந்தைக் கீழிருந்து எழுப்பி அனுப்புவது, பழகப் பழக இரண்டு முன்கையும் சிவந்துபோகின்றன. முதல் வாரம் வெறும் சிவப்பு, ஒரு மணி நேரத்தில் போய்விடும். இப்போது மணிக்கட்டுக்கு மேலே ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள். வலது கையில் ஓரிடம் கன்றி நீலமாகிவிட்டது. நேற்று முழுக்கைச் சட்டை வேண்டும் என்று கேட்டாள். இந்த வெயிலில் எதற்கு என்று கையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என்னிடம் மறைக்கப் பார்த்திருக்கிறாள். பார்த்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்ற பயம்.

தினமும் வீட்டில் சுவரில் நூறு பாஸ் போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். இவள் நூற்றைம்பது போடுகிறாள். நான் வாலிபால் ஆடியதே இல்லை. பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இது எல்லாருக்கும் வருவதுதானா? நிறுத்த வேண்டுமா? எனக்கு நிறுத்த மனசில்லை, அவள் கையைப் பார்க்கவும் முடியவில்லை.

பின்வரிசை5 | திங்கள், இரவு 10.25

முதலில் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள் அக்கா: கையைக் காட்டினால் ஆட்டத்தை நிறுத்த மாட்டேன் என்று. சிவப்பை மறைக்கப் பழகிய பிள்ளை நாளைக்கு நிஜமான காயத்தையும் மறைத்துவிடும்.

நான் பன்னிரண்டு வருடம் பின்வரிசையில் நின்று ஆடியவன், பெரும்பாலும் லிபரோ, அதாவது பின்னால் நின்று பந்தை எடுப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரர். புதிதாக ஆடுபவர்களுக்குக் கை சிவப்பது சகஜம். எனக்கும் சிவந்தது. ஆனால் எங்கே சிவக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பந்து பட வேண்டிய இடம் முன்கையின் உட்பக்கம், தட்டையாகச் சதை இருக்கும் பகுதி. மணிக்கட்டு மடிப்பிலிருந்து அவள் விரலால் மூன்று விரல் தள்ளி வைத்தால் அங்கிருந்து ஆரம்பம். அங்கே பட்டால் பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் சுரீர், அவ்வளவுதான். மணிக்கட்டு எலும்பிலோ கட்டைவிரலின் அடியிலோ பட்டால் எத்தனை மாதம் பழகினாலும் வலிக்கத்தான் செய்யும், ஏனென்றால் அங்கே தாங்குவதற்குச் சதையே இல்லை.

நீங்கள் சொல்லும் புள்ளிகள் எவ்வளவு மேலே இருக்கின்றன? ஊகிக்க வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள். நீலம் தொட்டால் வலிக்காத அளவுக்கு வந்ததும், பந்து முழுக்கச் சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று, கீழிருந்து மெதுவாகத் தூக்கிப் போடுங்கள். பத்தே பந்து. ஒவ்வொரு பந்துக்கும் அவள் கையில் வெள்ளை எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்து எழுதிவிட்டு, துடைத்துவிட்டு, அடுத்ததைப் போடுங்கள். இரண்டு கையிலும் சமமாகப் படிகிறதா என்பதும் முக்கியம். அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். அதுவரை சுவர்ப் பக்கமே போக வேண்டாம்.

சுண்ணாம்புக்கோடு | செவ்வாய், காலை 6.15

நான் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். அந்தப் பயிற்சியாளர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு மாதம் போனால் கை படிந்துவிடும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து வலிக்கும்.

வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1964இல், டோக்கியோவில்தான். பெண்கள் தங்கம் ஜப்பானுக்குப் போனது. அந்த அணியைப் பழக்கிய டைமட்சு ஹிரோபுமி, நள்ளிரவு தாண்டியும் பந்தை எறிந்துகொண்டே இருப்பார். விழுந்து புரண்டு எடுத்துவிட்டு எழுந்து அடுத்த பந்துக்கு நிற்க வேண்டும். வலிக்கிறது என்று நின்றிருந்தால் அந்த ரோலிங் ரிசீவ் உலகத்துக்குக் கிடைத்திருக்காது. அம்மா பயந்தால் பிள்ளையும் பயப்படும். அதை மட்டும் கவனியுங்கள்.

பின்வரிசை5 | செவ்வாய், காலை 8.02

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த வீராங்கனைகள் வளர்ந்த பெண்கள். பெரும்பாலோர் ஒரே நூற்பாலை நிறுவனத்தின் அணியில் வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள். பந்து கையில் எங்கே பட வேண்டும் என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்தப் பிள்ளை மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. தப்பான இடத்தில் நூற்றைம்பது முறை பட்டால் அந்தத் தப்புத்தான் நூற்றைம்பது முறை பழகும்.

கை படியும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சில வாரத்தில் அந்தச் சுரீர் குறைவது உண்மை. ஆனால் சதையில் படுவதுதான் படியும். எலும்பு படியாது.

எலும்பும்நரம்பும் | செவ்வாய், மதியம் 1.30

நான் பிசியோதெரபிஸ்ட். பள்ளிப் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் சொன்னதற்கு நடுவில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தப் புள்ளிகள், தோலுக்கு அடியில் இருக்கும் மிக மெல்லிய ரத்த நுண்குழாய்கள் அடிபட்டு உடைவதால் வருபவை. பந்து படும் இடத்தில் மட்டும் இருந்தால் கவலை இல்லை, சில நாளில் தானாகப் போய்விடும். கன்றிய நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அது ஆறும்வரை அதே இடத்தில் மறுபடி அடி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பயிற்சி முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், உள்ளே உடைந்திருப்பது இன்னும் கசியும். வலி மாத்திரை கொடுத்து ஆட அனுப்புவது அதைவிடத் தப்பு, வலி எச்சரிப்பதற்காக இருக்கிறது. குறிப்பாக ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. ரை நோய்க்குறி என்று அரிதான, ஆனால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு கோளாறோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது.

நான் கவலைப்படுவது தோலைப் பற்றி அல்ல, மணிக்கட்டைப் பற்றி. இந்த வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது குருத்தெலும்பு, சுற்றியுள்ள தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டுக் காயமாக ஆகலாம். அதனால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அவள் கையை உங்கள் மடியில் வைத்து, ஒரு விரல் நுனியால் மணிக்கட்டைச் சுற்றி எலும்பின் மேல் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். பரவலாக ஒரு நோவு என்றால் சரி. ஒரே ஒரு புள்ளியில் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டால், அல்லது வீக்கம், பாட்டில் மூடியைத் திருகும்போது வலி, விரலில் மரமரப்பு, இரவில் எழுப்பும் வலி, இதில் எது இருந்தாலும் பந்தை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பந்து படாத இடத்தில், காலிலோ வயிற்றிலோ இப்படிப் புள்ளிகள் இருந்தால், அடிபடாமலே கன்றினால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், அது வாலிபால் விஷயமே அல்ல. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், ரத்தத் தட்டணுக்களைச் சோதிக்க வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. ஒரு முறை பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

இரட்டைப்பின்னல் | செவ்வாய், இரவு 10.05

நேற்று ராத்திரியே அவளிடம் பேசிவிட்டேன். நிறுத்த மாட்டேன் என்று சொன்னதும் இரண்டு கையையும் தானாகவே நீட்டிக் காட்டினாள். அந்தக் கணம் எனக்கு என்னவோ செய்தது.

விரலால் அழுத்தியும் பார்த்தேன். கன்றிய இடத்தில் நோவு இருக்கிறது, எலும்பில் எங்கும் துள்ளவில்லை. வீக்கம் இல்லை, மூடி திருகினாள், வலியில்லை. காலிலும் முதுகிலும் ஒரு புள்ளி கிடையாது. எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை சாக்பீஸ் வைத்துப் பார்க்கிறேன்.

நெட்டுக்கு_அந்தப்பக்கம் | புதன், காலை 7.50

என் மகனுக்கு இதே கதை. முன்கைக்குப் போடும் உறை, பஞ்சு வைத்தது, வாங்கிக் கொடுத்தேன். எரிச்சல் உடனே குறைந்தது. அதையும் யோசித்துப் பாருங்கள். சாதாரண முழுக்கைப் பனியன்கூட ஓரளவு உதவும். ஒரே குறை, அதைப் போட்ட பிறகு பந்து எங்கே படுகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்துக் கழற்றினபோது பழைய தப்பு அப்படியே இருந்தது.

எலும்பும்நரம்பும் | புதன், காலை 9.15

சரியான அனுபவம். கன்றல் ஆறும் இரண்டு வாரத்துக்கு உறை போடலாம், தப்பே இல்லை. ரத்த ஓட்டத்தை இறுக்கிப் பிடிக்காததாக இருக்கட்டும். கைக்கடிகாரம், வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆடச் சொல்லுங்கள். வளையலின் மேல் பந்து பட்டு வெட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைப்பின்னல் | சனி, காலை 11.20

செய்துவிட்டோம்! அப்படியே எழுதுகிறேன்.

பத்துப் பந்தில் ஐந்து, வலது மணிக்கட்டிலும் கட்டைவிரல் மேட்டிலும். மூன்று வலது முன்கையில் மட்டும், இடது கை சுத்தமாக இருந்தது. ஒன்று இடது முழங்கைக்குப் பக்கத்தில். ஒன்றே ஒன்று, ஏழாவது பந்து, இரண்டு முன்கையிலும் பாதிப் பாதியாக ஒரு வெள்ளை வட்டம். இரண்டு கையையும் ஒட்டி வைத்தால் வட்டம் முழுசாகத் தெரிந்தது. அந்தப் பந்துதான் நேராக என் கைக்குத் திரும்பி வந்தது. "அம்மா, இது வலிக்கவே இல்லை" என்று அவளே சொன்னாள். துடைக்க விடவில்லை, அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இன்னொன்றும் கவனித்தேன். பந்து கிட்டே வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். முகம் ஒரு பக்கம் திரும்புகிறது. முழங்கை இரண்டும் மடங்கி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. எண்ணிக்கொண்டு நின்ற இத்தனை நாளில் நான் இதைப் பார்க்கவே இல்லை.

பின்வரிசை5 | சனி, மதியம் 12.45

அந்த ஏழாவது பந்துதான் இனிமேல் அவளுக்கு வாத்தியார். மற்றதெல்லாம் அதைத் திரும்ப வரவழைப்பதற்குத்தான்.

என்ன நடக்கிறது பாருங்கள். பந்து வருகிறது, வலிக்கும் என்று உடம்புக்குத் தெரியும், கை சுருங்குகிறது. சுருங்கினால் முழங்கை மடங்கும். மடங்கினால் தட்டையான பகுதி நெஞ்சைப் பார்த்துத் திரும்பிவிடும், பந்துக்கு முன்னால் நிற்பது மணிக்கட்டும் கட்டைவிரலும்தான். பந்து அங்கே படும், வலிக்கும். அடுத்த பந்துக்கு இன்னும் கொஞ்சம் சுருங்கும். தைரியமாக நில் என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தச் சுற்று அறுபடாது. வலிக்காத பந்து நூறு வாங்கினால் தானாக அறுபடும்.

முதல் நாலைந்து நாள் பந்தை எறியவே வேண்டாம். ஒரு கையை லேசாகப் பொத்தி மறு உள்ளங்கையில் வைக்கட்டும். இரு கட்டைவிரலும் அக்கம்பக்கமாக, ஒரே அளவில். விரல்களைக் கோத்துக்கொள்ளக் கூடாது, வேகமான பந்து பட்டால் விரல் பிசகும். இப்போது இரு கட்டைவிரலையும் தரையைப் பார்த்து அழுத்தச் சொல்லுங்கள். முழங்கை தானாக நேராகிவிடும், முன்கையின் உட்பக்கம் விரிந்து மேலே பார்க்கும். தோள் இரண்டும் கொஞ்சம் முன்னுக்கு வரட்டும். இதுதான் பலகை.

அந்தப் பலகையின் மேல் பந்தை வைத்து முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உருட்டிவிடுங்கள். இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பக்கவாட்டில் விழுந்துவிடும். நேராக உருண்டு வரும்வரை இதையே விளையாட்டாகச் செய்யுங்கள். அப்புறம் நீங்களே பந்தைக் கையில் பிடித்தபடி அந்தச் சரியான இடத்தில் பத்து முறை மெதுவாக அழுத்தி எடுங்கள். அந்த இடம் எது என்று கண்ணை மூடினாலும் கைக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது நாற்காலி. நாற்காலியின் விளிம்பில் உட்காரட்டும், கை பலகையாக முன்னால் நீட்டியபடி. இரண்டு மீட்டரிலிருந்து மெதுவாகப் போடுங்கள். பந்து கையில் படும் நேரத்தில் அவள் எழுந்து நிற்க வேண்டும். கையை வீசக் கூடாது, எழுந்திருக்கும் வேகம் மட்டுமே பந்தை அனுப்ப வேண்டும். கையை வீசுகிற பிள்ளைக்குப் பந்தின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்து தோலில் இறங்கும். பாஸ் காலில் இருக்கிறது என்று சொல்வார்கள், நாற்காலியில் உட்கார வைத்தால் அது பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும்.

வலது கையில் மட்டும் படுகிறது என்றீர்களே, அது கைத் தப்பே இல்லை, கால் தப்பு. பந்து வலது பக்கம் வருகிறது, அவள் நகராமல் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டுகிறாள். இரண்டு கை பங்குபோட வேண்டியதை ஒரு கை முழுசாக வாங்குகிறது. தொப்புளுக்கு நேரே பந்து வரும்படி காலை நகர்த்தச் சொல்லுங்கள். அரை அடிதான், ஆனால் அந்த அரை அடிதான் வலிக்கும் கைக்கும் வலிக்காத கைக்கும் வித்தியாசம்.

சுவரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவருக்குத்தான் சுவர். பந்து வேகமாகவும் தாழ்வாகவும் திரும்பி வரும், பிள்ளைக்குப் பலகையை அமைக்க நேரமே இருக்காது. எண்ணிக்கை பற்றி என் கணக்கு: ஒரு நாளைக்கு நாற்பது, அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் ஃபிங்கர் பாஸோ (தலைக்கு மேலே விரல்களால் அனுப்புவது) சர்வீஸோ. இரண்டு நாள் ஆடினால் மூன்றாம் நாள் முன்கைக்கு ஓய்வு.

மூன்றாம்பந்து | சனி, மாலை 5.30

எனக்குப் பதினாறு வயது. அக்கா என்று கூப்பிடலாமா ஆன்ட்டி என்று கூப்பிடலாமா தெரியவில்லை, உங்கள் மகளுக்காக எழுதுகிறேன்.

நானும் ஏழாம் வகுப்பில் கண்ணை மூடுவேன். கண்ணைத் திற என்று எல்லாரும் கத்துவார்கள், கத்தக் கத்த இன்னும் மூடும். அணியில் ஒரு சீனியர் அக்கா என்ன செய்தார் என்றால், பந்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு எண் எழுதினார். பந்து என் கைக்கு வருவதற்குள் தெரியும் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் கண் மூடுவது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியாது.

இன்னொன்று. முழுக்கைச் சட்டை கேட்டது பயத்தினால் மட்டும் இருக்காது. வகுப்பில் யாராவது "கையில் என்ன" என்று கேட்டிருப்பார்கள். என்னைக் கேட்டார்கள், அழுகையாக வந்தது. வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இது வாலிபாலால் வந்தது என்று. அப்படிச் சொன்னால் அவளும் நிம்மதியாக இருப்பாள், ஆசிரியரும் வேறு எதையோ நினைத்துக் கவலைப்பட மாட்டார்.

தென்றல் | ஞாயிறு, காலை 8.40

நாங்கள் கரப்பந்து என்று சொல்லுவோம். எல்லாரும் கையைப் பற்றிப் பேசினீர்கள், பந்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. அது எந்தப் பந்து, காற்று எவ்வளவு?

பெரியவர்கள் ஆடும் பந்து 260 முதல் 280 கிராம் எடை, சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர். உள்ளே காற்றழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோ, பம்பில் பார்த்தால் ஏறக்குறைய நாலேகால் முதல் நாலரை பிஎஸ்ஐ. அது மிகக் குறைந்த அழுத்தம். வாகனத்துக்குக் காற்று அடிக்கிற இயந்திரத்தில் வைத்தால் கண் இமைக்கிற நேரத்தில் இரண்டு மடங்கு ஏறிவிடும், பந்து கல்லாகிவிடும். கை பம்பும் ஒரு சின்ன அளவுமானியும் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் வார்த்த பந்தும் சுள்ளென்று அடிக்கும். மேலே மெல்லிய பஞ்சுப் படலம் உள்ள பந்து எவ்வளவோ மேல்.

பிள்ளைகளுக்கென்றே எடை குறைந்த பந்து இருக்கிறது. அளவு ஏறக்குறைய அதேதான், எடை 200 முதல் 230 கிராமுக்குள். அதில் பழகினால் கெட்டுப்போவாள் என்று சிலர் சொல்லுவார்கள். இந்த விளையாட்டு பிறந்ததே ஏற்ற பந்தைத் தேடித்தான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன் இதை உருவாக்கியபோது முதலில் கூடைப்பந்தின் உள்ளே இருக்கும் பையை எடுத்துப் பார்த்தார், அது மிகவும் லேசாக, மெதுவாக இருந்தது. கூடைப்பந்தையே எடுத்தார், அது பெரிதாக, கனமாக இருந்தது. கடைசியில் ஸ்பால்டிங் நிறுவனத்திடம் சொல்லித் தனியாகப் பந்து செய்வித்தார். ஆடுகிறவரின் கைக்கு ஏற்ற பந்தை அன்றைக்கே தேடியிருக்கிறார்கள். பதினொரு வயதுக் கைக்கு நாமும் தேடலாம்.

இரட்டைப்பின்னல் | ஞாயிறு, காலை 10.10

பந்து ரப்பர்தான். பள்ளியில் வைத்திருப்பதுபோலவே வேண்டும் என்று வாங்கினோம். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகவே இல்லை! காற்றடித்தது நீங்கள் சொன்ன மாதிரி வாகனத்துக்கு அடிக்கும் இடத்தில்தான். இன்றைக்கே குறைக்கிறேன். லேசான பந்து ஒன்றும் தேடுகிறேன்.

பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயக்கம். நூறு பாஸ் போட்டாயா என்று தினமும் கேட்கிறாராம். இவளுக்குப் பொய் சொல்லவும் வராது.

சுண்ணாம்புக்கோடு | ஞாயிறு, மாலை 6.00

இரண்டு நாளாக இந்த ஏழாவது பந்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் அம்மா. நானும் பிள்ளைகளை எண்ணிக்கையால்தான் அளந்துகொண்டிருந்தேன். இன்று காலை என் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் சாக்பீஸ் தடவிப் பார்த்தேன். அதில் இரண்டு வருடமாக ஆடும் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இன்னும் மணிக்கட்டில் படுகிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் சார் என்றார்கள். இத்தனை நாள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

பயிற்சியாளர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "கை வலிக்கிறது, கொஞ்சம் விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலோர் பெற்றோர் செல்லம் கொடுப்பதாக நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். "மணிக்கட்டில் படுகிறது, அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம், மூன்று வாரம் வீட்டில் நாற்பது மட்டும் போடட்டும், சரியான இடத்தில் பட்டதை மட்டும் எண்ணுகிறோம்" என்று சொல்லுங்கள். சாக்பீஸ் எங்கே பட்டது என்று எழுதிய உங்கள் தாளையும் காட்டுங்கள். தாளைப் பார்த்த பிறகு மறுக்கிற பயிற்சியாளர் குறைவு. முடிந்தால் பிள்ளையையே சொல்ல விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நெட்டுக்கு_அந்தப்பக்கம் | ஞாயிறு, இரவு 8.20

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. என் மகனின் பயிற்சியாளரிடம் இதே வார்த்தையில் நாளைக்குப் பேசப்போகிறேன்.

இரட்டைப்பின்னல் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.00

சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் வாரம் முழுக்க உருட்டுவதும் நாற்காலியும்தான். அவளுக்குச் சலிப்பாக இருந்தது, "இது ஆட்டமே இல்லை" என்று கோபப்பட்டாள். இரண்டாம் வாரம் காற்றுக் குறைத்த பந்தில், தரையில் ஒரு முறை குத்தி எழும்பும் பந்தை வாங்கப் பழகினோம். நேரம் கிடைத்ததால் காலை நகர்த்தினாள். மூன்றாம் வாரம் லேசான பந்து வந்துவிட்டது. இன்று மறுபடி சாக்பீஸ் வைத்தோம். பத்தில் ஏழு இரண்டு கையிலும். இரண்டு வலது கையில் மட்டும். ஒன்று கட்டைவிரலில், அது நான் தாழ்வாகப் போட்டது.

கை இப்போதும் சிவக்கிறது. ஆனால் பரவலாக, சதையில், ராத்திரிக்குள் போய்விடுகிறது. புள்ளிகள் இல்லை. நீலம் மஞ்சளாகி முழுசாகப் போய்விட்டது. அரைக்கைச் சட்டையில் பள்ளிக்குப் போகிறாள். பயிற்சியாளரிடம் அவளே பேசினாள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, நாற்பதே போடு, ஆனால் இந்தத் தாளைத் தினமும் எனக்குக் காட்டு" என்றாராம்.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம்பந்து அக்காவிடம் தானே கேட்க வேண்டுமாம். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

அக்கா, நான் பந்தில் 1லிருந்து 9 வரை எழுதினேன். 6ஐயும் 9ஐயும் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற எண் எல்லாம் தெரிகிறது. ஆனால் இடது பக்கம் பந்து வந்தால் மட்டும் கண் மூடிவிடுகிறது. வலது பக்கம் மூடவில்லை. என்ன செய்ய வேண்டும்?

மூன்றாம்பந்து | வெள்ளி, இரவு 9.35

குட்டி, 6க்கும் 9க்கும் கீழே ஒரு கோடு போடு, எனக்கும் அதே பிரச்சினை இருந்தது.

இடது பக்கத்துக்கு உன் வலது கால் தள்ள வேண்டும், அது இன்னும் பழகவில்லை. கால் பிந்துவதால் பந்து உன்னைத் தாண்டிப் போகிறது, அதனால்தான் கண் மூடுகிறது. அம்மாவை நாளைக்கு இருபது பந்து இடது பக்கம் மட்டும் போடச் சொல், ரொம்ப மெதுவாக, தரையில் ஒரு குத்து விழுந்த பிறகு. கையால் பாஸ் போடாதே. ஓடிப்போய், பலகை வைத்து, பந்து வயிற்றுக்கு நேரே வரும்போது இரண்டு கையாலும் பிடித்துவிடு. பிடிப்பது பயமாக இருக்காது. இருபதும் பிடித்த பிறகு, இருபத்தொன்றாவதைப் பாஸ் போட்டுப் பார். எந்த எண் தெரிந்தது என்று எனக்கு எழுது.